அடிக்காத முப்பத்தாறு

எட்டேகாலுக்கு ஊசி குத்தினார்கள். பன்னிரண்டேகாலுக்கு எடுப்பார்கள். நடுவில் நாலு மணி நேரம், அதற்குள் அருமைநாயகம் ஒரு கையெழுத்துப் போடவேண்டும், இல்லை போடமாட்டேன் என்று சொல்லித் தொலைக்க வேண்டும். காகிதம் சட்டைப் பையில் நாலாக மடிந்து கிடந்தது. அதில் அவர் மனைவி சுகிர்தம் காலையிலேயே போட்டுவிட்டாள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாக. இனி டயாலிசிஸ் வேண்டாம், என்ன ஆகும் என்று டாக்டர் விளக்கிச் சொன்னார், புரிந்துகொண்டேன், இவ்வளவுதான் அதில் இருந்தது. கீழே குடும்பத்தார் என்று ஒரு கோடு. அவள் கையெழுத்தே போதும் என்று டாக்டர் சொல்லியாயிற்று. ஆனால் இவள் ஒரே பிடியாக நின்றாள். "நீங்க போடாம நான் நிறுத்தமாட்டேன். இன்னும் பத்து வருசம் குத்தினாலும் படுத்துக் கிடப்பேன்" என்றாள். ஒரு ஆளை மடக்குவதற்கு இதைவிட நல்ல வழி உண்டா? பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில் ஆட்டோவில் வைத்து இன்னொன்றும் கேட்டுவிட்டாள். கேட்டது டிரைவர் காதிலும் விழுந்திருக்கும். "நான் நிறுத்திட்டுச் செத்தா எனக்கு மணி உண்டுமா?" அவர் ரோட்டைப் பார்த்தார். ஒரு தண்ணி லாரி போயிற்று. அதையே பார்த்துக்கொண்டு வந்தார். இப்போது அவள் மூன்றாவது கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள், இடது கையை நீட்டி வைத்து. கையிலிருந்து ரத்தம் ஒரு குழாய் வழியாகப் போயிற்று, இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வந்தது. மெஷின் முகப்பில் ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து அதை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணவேண்டிய அவசியமே இல்லை. முப்பத்திரண்டு வருசம் எண்ணின மூளை, சவம், சுற்றுவது எதைக் கண்டாலும் எண்ணும்.

முப்பத்திரண்டு வருசம் அவர் கோயில்குட்டியாராக இருந்தார். கோயிலைக் கூட்டி, பாய் விரித்து, விளக்குப் போட்டு, மணி அடிக்கிறவர். ஆராதனைக்கு அடிப்பது வேறு, அதை எவனும் அடிப்பான், இழுத்தால் பேசும். சாவுக்கு அடிப்பதுதான் வேலை. ஊரில் ஒரு உயிர் போனால் அந்த ஆளுக்கு எத்தனை வயசோ அத்தனை அடி. ஒரு அடிக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு மூச்சு முழுசாக இழுத்து விடவேண்டும். அவசரப்பட்டால் கல்யாண மணி மாதிரி ஆகிவிடும். ஒரே நாளில் இரண்டு சாவு விழுந்தால் முதல் ஆளுக்கு அடித்து முடித்து, கயிற்றை விடாமல் பிடித்தபடி பரமண்டல ஜெபம் ஒருமுறை மனசுக்குள் சொல்லி, பிறகுதான் இரண்டாம் ஆளுக்குத் தொடங்கவேண்டும். வயசு சந்தேகமாக இருந்தால் ஞானஸ்நான ரிஜிஸ்டரை எடுத்துப் பார்க்கவேண்டும். மணிச் சத்தம் கேட்டதும் பெண்டுகள் அடுப்படியில் நின்றபடியே விரலை மடக்க ஆரம்பித்துவிடுவார்கள். சுண்டுவிரலில் தொடங்கி, மடக்கி, விரித்து, மறுபடி மடக்கி. எழுபதுக்கு மேல் போனால் ஒரு பெருமூச்சு, இருபதில் நின்றால் ஓட்டம். ஒன்றிரண்டில் நின்றுவிட்டால் ஒருத்தியும் ஓடமாட்டாள், அப்படியே உட்கார்ந்துவிடுவாள். அவருக்குக் கோபுரத்தின் அடியிலிருந்து இது ஒன்றும் தெரியாது. சுகிர்தம் சொல்லித்தான் தெரியும். "நீங்க அடிக்கிய, நான் மடக்குதேன். நம்ம ரெண்டுபேருக்கும் ஒரே வேலதான்" என்பாள். அப்போது அவளுக்கு முப்பது வயசு இருக்கும். கையில் மாவு ஒட்டியிருக்கும். இப்போது இடது கை வாழைத்தண்டு மாதிரி வீங்கி, முழங்கைக்குக் கீழே ஊசி குத்துவதற்காக இணைத்த நரம்பு புடைத்து, தொட்டால் உள்ளே வண்டு ரீங்காரம் போடுகிற மாதிரி அதிர்ந்துகொண்டிருந்தது.

"தாத்தா, மெஷின ஏன் இப்படி மொறைக்கிய? பயந்துபோய் நின்னுரப்போவுது" என்றாள் சிஸ்டர் பெல்சி, அளவைக் குறித்துக்கொண்டே. "நின்னா ஓட்டத்தான ஒனக்குச் சம்பளம்" என்றார். அவள் சிரித்தாள். இந்த மூன்று வருசத்தில் அவர் முணுமுணுப்புக்கு இங்கே எல்லாருக்கும் பழக்கம். மூன்று வருசம். வாரத்துக்கு மூன்று நாள். காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர் தண்ணீர், அதற்கு மேல் குடித்தால் காலில் ஏறும், நெஞ்சில் ஏறும். இளநீர் ஆகாது, பழம் ஆகாது, கீரையை வேகவைத்து வடித்துக் கொட்டவேண்டும். ஒருநாள் அவள் முகம் கழுவுகிற சாக்கில் வாய்க்குள் தண்ணீரை வைத்துக்கொண்டு விழுங்காமல் வெகுநேரம் நின்றாள். அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கிறார் என்று தெரிந்ததும் துப்பினாள். திருடி மாதிரி. ஏன் பார்த்தார்? திரும்பிப் போயிருக்கலாம். விழுங்கியிருப்பாள், ஒரு மடக்கு. ஒரு மடக்கில் என்ன கெட்டுவிடும்? போன மாதம் இதயமும் தளர்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார், பாதியில் பிரஷர் விழுகிறது, இனி ஒவ்வொரு தடவையும் கஷ்டம்தான் என்றார். வீடு வந்து சேர்ந்ததும் சுகிர்தம் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள், "போதும்ங்க." அவர், "என்னத்த போதும்?" என்று கத்தினார். கத்தினால் அந்தப் பேச்சு உள்ளே போய்விடும் என்று நினைத்திருப்பார். போகவில்லை. அவளே டாக்டரிடம் கேட்டாள். நிறுத்தினால் ஒரு வாரம், பத்து நாள், மூச்சுத் திணறாமல் மருந்து தருவோம், வலி இல்லாமல் பார்த்துக்கொள்வோம், வீட்டிலேயே இருக்கலாம். "அப்ப இளநி குடிக்கலாமா?" என்றாள். டாக்டர் பேனாவை மூடினார். பிறகு, "என்ன வேணும்னாலும் குடிங்கம்மா" என்றார். அந்தப் பதிலுக்கு அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை அருமைநாயகத்தால் மன்னிக்க முடியவில்லை. ஒரு இளநீருக்கு விட்டுவிட்டுப் போவாளா ஒருத்தி.

கனடாவில் நர்ஸாக இருக்கிற மகள் ஷீபா போனில் அழுதாள். "அப்பா, கையெழுத்துப் போட்டுராதிய. இங்க இப்படித்தான்ப்பா. எங்க வார்டுல ஒரு தாத்தா சாவுக்கு நாள் குறிச்சு, பேரப்பிள்ளையெல்லாம் வரச்சொல்லி, ஐஸ்கிரீம் சாப்பிட்டு, சரி போடுங்கன்னு கைய நீட்டுனாரு. டாக்டர் ஊசி போட்டாரு. என்னால அந்த ரூம்ல நிக்க முடியல, என் விசுவாசத்துக்கு ஆகாதுன்னு எழுதிக் குடுத்துட்டு வெளிய வந்துட்டேன். அம்மா கேக்கதும் அதான?" அதுதானா? அவருக்குத் தெரியவில்லை. போன வியாழக்கிழமை ஐயர் நற்கருணை கொடுக்க வீட்டுக்கு வந்தார். சின்ன வயசு, மோட்டார் சைக்கிளில் வருகிற குருவானவர். அப்பத்தை வாங்கி விழுங்கிவிட்டு, திராட்சை ரசத்தில் நாக்கை மட்டும் நனைத்துவிட்டு, சுகிர்தம் நேராகக் கேட்டாள், "ஐயரே, நான் நிறுத்தினா தன்னத்தானே கொன்னவளா?" அவர் யோசித்துத்தான் சொன்னார், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். "இல்லம்மா. நாள் குறிக்கது நம்ம வேலை இல்ல. ஊசியப் போட்டு உயிர எடுக்கத நான் ஒருநாளும் சரின்னு சொல்லமாட்டேன். ஆனா ஆண்டவரு கூப்பிடும்போது கதவ இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும்னும் அவரு சொல்லல. வியாதி கொண்டுபோவுது. நீங்க மறிக்கல, அவ்வளவுதான்." அவள் கும்பிட்டாள். அருமைநாயகம் எழுந்து வெளியே போய்விட்டார். ஐயருக்கு என்ன, சொல்லிவிட்டு வண்டியை உதைத்துக் கிளம்பிவிடுவார். மறிக்கவில்லையாம். கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பது யார் என்று அவருக்குத் தெரியுமா? திங்கள் புதன் வெள்ளி ஆட்டோ பிடித்து, படியேற்றி, தலையணையும் போர்வையும் சுமந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பது இந்த இரண்டு கைதான். ஆனால் அது அல்ல அவரை வெளியே துரத்தியது. ஐயர் பேசப்பேச அவருக்கு வேறொரு ஐயர் சொன்னது கேட்டது, முப்பது வருசத்துக்கு முந்தி, ஒரு சாயங்காலம், கோயில் வேப்பமரத்தடியில். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. முக்கியமாக இவளிடம்.

இன்பராஜ். சுகிர்தத்தின் தம்பி. வாயில் புற்று. கன்னத்தில் ஓட்டை விழுந்து, குடிக்கிற கஞ்சி அதன் வழியாக ஒழுகும். கிட்டப் போனால் வாடை. ஆனாலும் அவன் கேலி போகவில்லை. "அத்தான், எனக்கு ரெண்டு வாய், ஒண்ணுல பாடுதேன், ஒண்ணுல சாப்பிடுதேன்" என்பான். பாடகர் குழுவில் தாழ்ந்த குரலுக்கு அவனை விட்டால் ஆள் இல்லை. கடைசி மாதம் அருமைநாயகம் பார்க்கப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டான். பேச்சு குழறியது. "அத்தான், இதுக்கு ஒரு மருந்து இல்லியா? சும்மா படுத்துத் தூங்குத மாதிரி." இவர் என்ன சொன்னார்? "சிலுவைய எறக்கி வைக்க நமக்கு அதிகாரம் இல்லல" என்று சொன்னார். வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் சொன்னார். அந்த ஓட்டையைப் பார்க்க முடியாமல், சீக்கிரம் எழுந்து போனால் போதும் என்று சொன்னார். அன்றைக்கு வலிக்கு மருந்து என்று அந்த ஊர்ப்பக்கம் ஒன்றும் கிடையாது, யாரும் தேடவும் இல்லை. அவரும் தேடவில்லை. பஸ் ஏறி டவுனில் போய் ஒரு டாக்டரைக் கேட்டிருக்கலாம். ஜெபம் பண்ணிவிட்டு வந்தார். நாலாம் நாள் பருத்திக்கு அடிக்கிற மருந்தைக் குடித்துவிட்டான். காலை பத்து மணிக்கு உயிர் போயிற்று. ஐயர் திருநெல்வேலிக்கு மீட்டிங் போயிருந்தார். சபையின் சேகர கமிட்டியில் இரண்டுபேர் வந்து, "குட்டியாரே, ஒம்ம மச்சினன்தான், நீரே சொல்லும்" என்றார்கள். தற்கொலைக்கு மணி கிடையாது, கோயிலுக்குள் கொண்டுவருவதில்லை, கல்லறைத் தோட்டத்தில் ஓரமாகத்தான் இடம். ஊரில் அப்படித்தான் என்று எல்லாருக்கும் ஒரு நினைப்பு. எங்கே எழுதியிருந்தது? அவர் கேட்கவில்லை. சொந்தக்காரன் என்று சலுகை காட்டினான் என்ற பேச்சு வரக்கூடாது. அதுதான் அப்போது மனசில் பெரிதாக இருந்தது. "கெடையாது" என்றார். ஒரே சொல். நடு முற்றத்தில் சுகிர்தம் தலைமுடி அவிழ்ந்து கிடக்க, கோபுரத்தைப் பார்த்து, வலது கையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். மத்தியானம் வரைக்கும். ஒரு விரலும் மடங்கவில்லை.

சாயங்காலம் ஐயர் வந்தார். எல்லாம் முடிந்து மண் தள்ளியாயிற்று. வேப்பமரத்தடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டுவிட்டு, மெதுவாக, "அடிச்சிருக்கலாமே வே. வலி தாங்காத பய. யாரு வேண்டாம்னா?" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அருமைநாயகம் வீட்டுக்கு வந்தார். சுகிர்தம் கஞ்சி எடுத்து வைத்தாள். "ஐயர் வந்தாச்சா?" என்று கேட்டாள். "வந்தாச்சு." "என்ன சொன்னாக?" "ஒண்ணும் சொல்லல." கஞ்சியைக் குடித்தார். முப்பது வருசமாக அந்தக் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருக்கிறார்.

"ஆ... கால், கால்" என்று சுகிர்தம் துடித்தாள். தசை இழுத்துக்கொண்டது. எழுந்து போர்வையை விலக்கி இடது கெண்டைக்காலை இரண்டு கையாலும் அமுக்கினார். கல் மாதிரி இருந்தது. "இங்கனயா?" "கொஞ்சம் கீழ." பெல்சி ஓடிவந்து எதையோ திருகினாள், சலைன் விட்டாள். "பிரஷர் எறங்குது பாட்டி, தூங்காதிய, பேசிக்கிட்டே இருங்க." "இவுக எங்க பேசுவாக?" என்றாள் சுகிர்தம், பல்லைக் கடித்துக்கொண்டு. "கல்யாணம் ஆன மொத வருசம் நாப்பது வார்த்தை பேசியிருப்பாக. அதுல பாதி உப்பு இல்லங்கது." பெல்சி வாயைப் பொத்திக்கொண்டு போனாள். அவர் அமுக்கிக்கொண்டே இருந்தார். கால் எவ்வளவு சின்னதாகிவிட்டது. இந்தக் காலை எழுபத்தொரு வயசு வரைக்கும் வைத்துக்கொண்டு நடந்தாள், இதை இழுத்துப் பிடிக்க யாருக்கு உரிமை? கர்த்தருக்கு. கர்த்தரா இழுத்துப் பிடிக்கிறார்? சரி, நிறுத்தவேண்டாம் என்று இவர் நினைக்கிறாரே, அது கர்த்தருக்காகவா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லும் வே. திங்கட்கிழமை காலையில் ஆட்டோ வராத வீடு. அடுப்பில் கீரை வடிக்காத வீடு. கத்தினால் திருப்பிச் சொல்ல ஆள் இல்லாத வீடு. அதற்குப் பயந்துகொண்டு வேதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அன்றைக்கு ஊர்ப்பேச்சுக்குப் பயந்து வேதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது மாதிரியே. அவன் குடித்தது வேறு, இவள் நிறுத்துவது வேறு, ஐயர் சொன்னது சரிதான், அது இப்போது புரிந்தது. புரிந்து என்ன பிரயோசனம்? அவன் செய்தது தப்பு என்றே இருக்கட்டும். மணி என்ன பரிசா, நல்லபடியாகச் செத்தவனுக்குக் கொடுக்க? நம்மில் ஒருத்தன் போய்விட்டான், எழுந்து வாருங்கள் என்று ஊருக்குச் சொல்வதுதானே அது? நம்மில் ஒருத்தன் இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். வாயைத் திறக்காமல், கயிற்றைத் தொடாமல். அதுகூடப் பொய். தொட்டார்.

பதினொன்றரை. கால் இளகிவிட்டது. அவர் ஸ்டூலுக்குத் திரும்பவில்லை, கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்தார். இதைச் சொல்லாமல் கையெழுத்துப் போட்டால் அவள் ஏமாந்து போய்ச் சேருவாள். சொன்னால் அந்தப் பத்து நாளும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பத்தே நாள்தான் இருக்கும், அதையும் கெடுத்துக்கொள்வதா? சவத்தை விடு, முப்பது வருசம் கிடந்தது இன்னும் பத்து நாள் கிடக்கட்டும். கிடக்குமா? அவள் செத்து, அவர் கயிற்றைப் பிடிக்கும்போது, அதுவும் சேர்ந்து தொங்குமே. "ஏட்டி" என்றார். அவள் கண்ணைத் திறந்தாள். "இன்பராஜுக்கு." பெயரைச் சொல்லியே எத்தனை வருசம். "மணி அடிச்சிருக்கலாம்னு சொன்னாரு ஐயர். அன்னைக்குச் சாயந்தரம். நாந்தான் உன்கிட்ட சொல்லல. யாரும் வேண்டாங்கல. நாந்தான்." சுகிர்தம் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தார். முகத்தை மெஷின் பக்கம் திருப்பிக்கொண்டாள். சக்கரம் சுற்றியது. பக்கத்துக் கட்டில்காரர் குறட்டை விட்டார். யாரோ இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். அவர் எண்ணினார், இருநூறு, முந்நூறு, விட்டுப்போயிற்று, மறுபடி முதலிலிருந்து. அவள் கழுத்து நரம்பு துடிப்பது மட்டும் தெரிந்தது. முப்பது வருசம் இவருக்குக் கஞ்சி ஊற்றியதை நினைக்கிறாளோ? அந்த முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறாளோ? போய்விட்டாள், இப்போதே போய்விட்டாள், பத்து நாள்கூட இல்லை.

"வயசு தெரியுமா அவனுக்கு?" என்றாள் அந்தப் பக்கம் பார்த்தபடியே.

"முப்பத்தாறு."

"எப்படிச் சொல்லுதிய?"

"ரிஜிஸ்டர்ல பாத்தேன். அன்னைக்கு. பாத்துட்டுக் கோபுரத்துக்குப் போயி கயித்தையும் பிடிச்சேன்." போர்வையின் நுனியை இழுத்து விட்டார். "பெறவு விட்டுட்டேன்."

அவள் தோள் குலுங்கியது. குழாயும் சேர்ந்து ஆடியது. இவர் தொடப் போனார், "தொடாதிய" என்றாள். கையை எடுத்துக்கொண்டார். வெகுநேரம் கழித்துத் தலையைத் திருப்பினாள். கண்ணெல்லாம் சிவந்து, முகம் கழுவினது மாதிரி இருந்தது. இந்த உடம்பில் இவ்வளவு தண்ணீர் எங்கே இருந்தது?

"எனக்கு நீங்கதான் அடிக்கணும். இப்ப உள்ள குட்டியார் வேண்டாம்."

"சரி."

"அவனுக்கும் சேத்து அடிக்கணும். மொதல்ல அவனுக்கு. அவந்தான் முந்திப் போனான்."

எழுபத்தொன்றும் முப்பத்தாறும். நூற்றியேழு. தோள்பட்டை இறங்கிப்போன எழுபத்தாறு வயசுக் கிழவன் நூற்றியேழு தரம் இழுக்கவேண்டும். "ஊர்ல எண்ணுவாளுவ" என்றார். "கெழவன் கணக்கு மறந்துட்டான்னு சிரிப்பாளுவ."

"சிரிக்கட்டும். கேட்டா சொல்லுங்க, யாருக்குன்னு. வாயத் தொறந்து சொல்லுங்க."

அவர் காகிதத்தை எடுத்தார். அவள் தலைமாட்டிலிருந்த பாட்டுப் புஸ்தகத்தின் மேல் வைத்துப் போட்டார். பேனா ஒருமுறை எழுதாமல் கீறியது, உதறிவிட்டு மறுபடி போட்டார். அவள் பெயருக்குக் கீழே அவர் பெயர். கல்யாண ரிஜிஸ்டரில் அவர் மேலே, அவள் கீழே. பெல்சி வந்து சத்தம் இல்லாமல் வாங்கிக்கொண்டாள். பன்னிரண்டேகாலுக்கு மெஷின் நின்றது. ரத்தமெல்லாம் உள்ளே திரும்பியது, குழாய் வெளுத்தது. பெல்சி ஊசியை உருவிவிட்டு, பஞ்சை வைத்து, வழக்கம்போல அவர் கட்டைவிரலை அதன்மேல் அழுத்தினாள். "பத்து நிமிசம் விடாமப் பிடிங்க தாத்தா" என்று எப்போதும் சொல்கிறதைச் சொல்ல வந்து, பாதியிலேயே நிறுத்தி, அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். இனிமேல் இதைப் பிடிக்க வேண்டியிருக்காது. கட்டைவிரலுக்கு அடியில் அந்த வண்டு ஓயாமல் ரீங்கரித்தது. அவர் மூச்சை இழுத்தார், விட்டார். "ஒண்ணு" என்றார், உதட்டுக்குள்ளேயே. சுகிர்தம் அவர் வாயைப் பார்த்தாள். போர்வைமேல் கிடந்த வலது கையை மெல்ல விரித்து, சுண்டுவிரலை மடக்கினாள். "ரெண்டு." அடுத்த விரல். அவசரமில்லாமல், ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு மூச்சு. முப்பதுக்கு மேல் அவர் தலையை மட்டும் அசைத்தார், அவள் மடக்கினாள். முப்பத்தாறு. விரலை அப்படியே வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடி, பிடியை விடாமல், பரமண்டல ஜெபத்தைத் தொடங்கினார். உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக என்ற இடம் வந்ததும் தட்டியது. மறுபடி முதலிலிருந்து வந்தார். மறுபடி அதே இடம். மூன்றாம் தரம் அதை இழுத்துக் கடந்து, கடைசிவரை போய், ஆமென் சொன்னார். கண்ணைத் திறந்தபோது அவள் விரல்களையெல்லாம் விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"ஒண்ணு" என்றார்.

அவள் சுண்டுவிரலை மடக்கினாள்.